பழைய பாட்டு போட்டால் பின் ஸ்பீக்கர் ஊமையாகிறது, போர்டு கோளாறா?

பானை ஸ்பீக்கர் (ராஜபாளையம்)

வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். அப்பா முப்பது வருஷம் மைக்செட் போட்டவர். கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல் என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டாத மரம் குறைவு. இப்போது 74 வயது. முழங்கால் விட்டுவிட்டது, காது விடவில்லை. ஹாலில் ஈசிசேரில் உட்கார்ந்து பாட்டு கேட்பதுதான் அவருடைய நாள். அவருக்காக இந்தக் கோடை லீவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் பண்ணினேன்.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று டிடிஏ 7294 (ஆம்ப்ளிஃபயர் ஐசி) போர்டு. 24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். ஏசியை டிசி ஆக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பிறகு அளந்தால் பிளஸ் மைனஸ் 34 வோல்ட் வருகிறது. இந்த ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது என்று தெரியும், அதனால் மூன்றுக்கும் மைக்கா ஷீட் வைத்து, பீப் டெஸ்ட் பார்த்துவிட்டுத்தான் ஹீட் சிங்கில் திருகினேன்.

5.1 கிட் வாங்கவில்லை. ஸ்டீரியோவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சத்தத்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு டிஎல் 072 ஆப்-ஆம்ப் ஐசி, நான்கு 10 கே ரெசிஸ்டர் போட்டு லெஃப்டிலிருந்து ரைட்டைக் கழித்து, மிச்சத்தைப் பின் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தேன். பின்னால் இரண்டு 4 இஞ்ச் ஸ்பீக்கர், 8 ஓம், சீரிஸில். பெட்டி அப்பாவின் யோசனை: இரண்டு மானாமதுரைப் பானை, வாயில் ஸ்பீக்கரை வைத்து எம்-சீல் போட்டு ஒட்டியது. அந்தக் காலத்து டீக்கடைகளில் பார்த்திருப்பீர்கள்.

இனி பிரச்சினை.

புதுப் பாட்டுகளில் அருமையாக இருக்கிறது. வயலின் கூட்டம் தலைக்குப் பின்னால் விரிகிறது, பாடுகிறவர் முன்னாலேயே நிற்கிறார். ஆனால் அப்பா கேட்பது 60களின் பாட்டு. அதைப் போட்டவுடன் பானை இரண்டும் செத்துவிடுகின்றன. ரியர் வால்யூமை முழுக்கத் திருகினால் போனில் ஓடும் பாட்டுக்குத் தண்ணீருக்குள் யாரோ பேசுவது போல ஒரு சலசலப்பு, அப்பாவின் கேசட்டுக்கு வெறும் "ஸ்ஸ்ஸ்". "பின்னாடி லைன் அறுந்து போச்சும்மா, பாரு" என்கிறார். லைன் அறவில்லை, பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, பாட்டே இல்லாதபோதும் பானைகளில் ஒரு "ர்ர்ர்" இருக்கிறது. முன் ஸ்பீக்கரில் சுத்தமாக இல்லை. மெயின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் போகவில்லை.

மூன்றாவது, சில புதுப் பாட்டுகளில் பாடகர் குரலே லேசாகப் பின்னால் இழுக்கிறது. ஹால் 14க்கு 12 அடி. அப்பாவின் தலைக்கு முன் ஸ்பீக்கர் 10 அடி, பானைகள் 4 அடி.

ஆப்டிக்கல் கேபிள் (சென்னை)

அக்கா, வேலை பிரமாதம். ஆனா இவ்வளவு சிரமம் எதுக்கு? ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் வந்தா ஆப்டிக்கல் இன்புட் உள்ள 5.1 டிகோடர் போர்டு கிடைக்கும். டிவியில ஆடியோ அவுட்டை பிசிஎம்ல இருந்து பிட்ஸ்ட்ரீமுக்கு மாத்தினா டால்பி டிஜிட்டல் ஆறு சேனலும் தனித்தனியா வந்துடும். நான் நரசிங்கபுரம் தெருவில வாங்கினதுதான் வீட்டுல ஓடுது, படம் பார்க்க சூப்பர்.

சீரிஸ் லாம்ப் (கோவை)

தம்பி சொல்றது படத்துக்குச் சரி. டீச்சரம்மா கேக்கறது பாட்டுக்குங்க. ரெண்டு சேனல்ல பதிவான பாட்டை ஆறு சேனல் டிகோடர்ல போட்டாலும் ரெண்டுதான் வரும்.

நான் நாப்பது வருசம் ரேடியோ, டிவி மெக்கானிக். உங்க கேள்வியில முதல் விசயத்துக்கு ஒரே வரியில பதில்: உங்க போர்டு வேலை செய்யுது, ரொம்ப நல்லாவே வேலை செய்யுது.

60கள்ல நம்ம சினிமாப் பாட்டெல்லாம் மோனோங்க. ஒரே சத்தம்தான் லெஃப்ட்லயும் ரைட்லயும் போகுது. ஒண்ணுல இருந்து அதையே கழிச்சா என்ன மிஞ்சும்? மோனோவுல பின்னால சத்தம் வராததுதான் இந்த சர்க்யூட்டுக்குப் பரீட்சை. அதுல நீங்க பாஸ்.

போன்ல வர்ற சலசலப்பு பாட்டே இல்லைங்க. எம்பி3 மாதிரி சுருக்கும்போது ரெண்டு பக்கமும் அங்கங்க ஒட்டிக்கிற பிசிறு. முன்னால பாட்டுச் சத்தத்துல மறைஞ்சிருக்கும். நீங்க பாட்டைக் கழிச்சுட்டீங்க, பிசிறு அம்மணமா நிக்குது. கேசட் இரைச்சலும் அப்படித்தான். டேப்போட ரெண்டு டிராக்குலயும் இரைச்சல் வேற வேற, கழிச்சாலும் போகாது.

புதுப் பாட்டுல குரல் முன்னாலயே நிக்கிறதுக்கும் இதே காரணம். குரலை நடுவுல, ரெண்டு பக்கமும் சமமா வைக்கிறாங்க, அதனால கழிஞ்சு போகுது. குரலுக்குப் போட்ட எக்கோ மட்டும் ரெண்டு பக்கமும் வேற வேற, அது பின்னால தங்குது. சினிமாவுல 70கள்ல ஃபிலிம் ஓரத்துல இருக்கிற ஆப்டிக்கல் ஒலி டிராக்கு ரெண்டே ரெண்டுக்குள்ள சர்ரவுண்டை ஒளிச்சு வச்சதும் இந்தக் கணக்குலதான். வீட்டுக்கு அதை 1982ல டால்பி சர்ரவுண்டுன்னு கொண்டு வந்தாங்க, 1987ல அதோட மேம்பட்ட வடிவம் புரோ லாஜிக் வந்துச்சு. அதுக்கும் முன்னாடியே அமெரிக்காவுல டேவிட் ஹாஃப்லர் ஒரு ஐசி கூட இல்லாம, ஆம்ப்ளிஃபயரோட ரெண்டு பிளஸ் முனைக்கும் நடுவுல பின் ஸ்பீக்கரைப் போட்டுக் காமிச்சுட்டார். (யாராவது இதைச் செஞ்சு பார்க்கறதா இருந்தா, பிரிட்ஜ் பண்ணின (ஒரே ஸ்பீக்கருக்கு ரெண்டு ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்த) செட்டுல, கார் செட்டுல எல்லாம் வேண்டாங்க. ஐசி போயிரும்.)

இப்ப உங்க மூணாவது கேள்வி, குரல் பின்னால இழுக்கறது. ரெண்டு காரணம் இருக்கு.

ரெசிஸ்டர் என்ன போட்டீங்க? 5 சதவீதம் கார்பனா? நாலும் சேர்ந்து மோசமான பக்கம் சாஞ்சா குரல்ல பத்துல ஒரு பங்கு கழியாமத் தப்பிச்சுடும், அதாவது குரல் 20 டெசிபல்தான் குறையும். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் போட்டாலே மோசமா போனாலும் 34 டெசிபல் கிடைக்கும். நான் செய்யறது இன்னொண்ணு. கிரவுண்டுக்குப் போற 10 கேயை எடுத்துட்டு, 9.1 கேயோட ஒரு 2 கே டிரிம்பாட்டை (திருகி மாத்தற சின்ன ரெசிஸ்டர்) சீரிஸ்ல போடுங்க. ரெண்டு இன்புட்டையும் ஒண்ணா சேர்த்து 200 ஹெர்ட்ஸ் டோன் குடுங்க. அவுட்புட்ல மீட்டரை வச்சு, எங்க குறைச்சலா வருதோ அங்க டிரிம்பாட்டை நிறுத்துங்க.

அடுத்தது தூரம். இது நீங்க எனக்குச் சொல்லித்தர வேண்டியது. சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல போகும். முன் ஸ்பீக்கர் 10 அடி, பானை 4 அடி. பின்னால இருந்து அஞ்சு மில்லிசெகண்ட் முன்னாடியே வந்துருது. காது முதல்ல வந்த பக்கம்தான் திரும்பும். அதனாலதான் தியேட்டர் முறையில பின் சத்தத்தை 20 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாமதமாக்கி, 7 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டி விட்டாங்க. "ச", "ஸ" மாதிரி கூரான சத்தம்தான் இடத்தைக் காட்டிக்குடுக்கும். 10 கே ரெசிஸ்டர், 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டா 7,200 ஹெர்ட்ஸுல வெட்டும். ரெண்டு ரூபா சமாச்சாரம், இதை இன்னைக்கே போடுங்க.

டிலேக்கு எல்லாரும் பிடி 2399 சொல்லுவாங்க. அது எக்கோ ஐசி. எவ்வளவு குறைச்சாலும் 30 மில்லிசெகண்டுக்குக் கீழ இறங்காது. ஆறாம் கால் ரெசிஸ்டரை ரொம்பக் குறைச்சா ஆன் பண்ணும்போதே பூட்டிக்கும். நான் சொல்றது காசில்லாத டிலே: பானை வாயை அப்பா தலைப் பக்கம் காட்டாதீங்க. பின்சுவரைப் பார்த்துத் திருப்பி வைங்க. சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பி வரட்டும். நாலு அடி எட்டு அடியாகும், எங்கிருந்து வருதுன்னும் காதுக்குப் பிடிபடாது. ரெண்டுல ஒரு ஸ்பீக்கருக்குப் பிளஸ் மைனஸை மாத்தியும் பாருங்க, இன்னும் பரவலா இருக்கும்.

"ர்ர்ர்" பத்தி: அது 50 ஹெர்ட்ஸா, 100 ஹெர்ட்ஸா? போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்க. உள்ள ஒயரிங் எப்படின்னும் எழுதுங்க, குறிப்பா கிரவுண்ட்.

ஆப்டிக்கல் கேபிள் (சென்னை)

ஓ, பாட்டுக்கா, சரி சரி. அப்ப டிலேக்கு ஒரு வழி சொல்றேன் அக்கா. ஏடிஏயூ 1701 டிஎஸ்பி போர்டு, அதாவது சத்தத்தை டிஜிட்டலா மாத்திக் கணக்குப் போடுற சிப். ரெண்டு இன்புட், நாலு அவுட்புட். கழிக்கிறது, டிலே, ஃபில்டர் மூணும் கம்ப்யூட்டர்ல கட்டம் இழுத்துச் சேர்க்கிற மாதிரி செஞ்சுடலாம். 48 கிலோ ஹெர்ட்ஸ்ல 20 மில்லிசெகண்டுன்னா 960 சாம்பிள், அதுக்கு உள்ள இடம் இருக்கு. முதல்ல அண்ணா சொன்ன சுவர் வைத்தியத்தைப் பாத்துட்டு அப்புறம் யோசிங்க.

பானை ஸ்பீக்கர் (ராஜபாளையம்)

இருவருக்கும் நன்றி. மோனோ என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பில் குறுக்கீட்டு விளைவு நடத்துகிறேன், வீட்டில் அதே விளைவைக் கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் தூங்காமல் இருந்தேன்.

அளந்தேன். ரெசிஸ்டர் 5 சதவீதம்தான். ஒரு வோல்ட் கொடுத்தால் பின்னால் 60 மில்லிவோல்ட் கசிந்தது. டிரிம்பாட் போட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே நூலிழை நூலிழையாகத் திருகினேன். 60, 40, 15, பிறகு 2. அதற்குக் கீழே இறங்கவில்லை. பானையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, 2.2 நானோவும் போட்டாயிற்று. இப்போது குரல் அசையாமல் முன்னால் நிற்கிறது.

"ர்ர்ர்" 100 ஹெர்ட்ஸ். 200, 300, 400லும் முள் முள்ளாகத் தெரிகிறது. ஒயரிங்: ஃபில்டர் கெப்பாசிட்டர் இரண்டும் 10,000 மைக்ரோ. பிளஸ் பக்கக் கெப்பாசிட்டரின் மைனஸும், மைனஸ் பக்கக் கெப்பாசிட்டரின் பிளஸும் ஒரு 10 சென்டிமீட்டர் ஒயரால் சேர்கின்றன. அந்த ஒயரின் ஒரு முனையிலிருந்து மூன்று பவர் போர்டுக்கும் கிரவுண்ட் எடுத்தேன். டிகோடர் போர்டுக்கு (லெஃப்டிலிருந்து ரைட்டைக் கழிக்கும் போர்டு) மறு முனை பக்கமாக இருந்ததால் அங்கிருந்து எடுத்தேன். வால்யூம் பாட் கிரவுண்ட் பவர் போர்டு பக்கம்.

சீரிஸ் லாம்ப் (கோவை)

கண்டுபிடிச்சாச்சுங்க. அந்த 10 சென்டிமீட்டர் ஒயர்தான் திருடன்.

50 ஹெர்ட்ஸ் தனியா வந்தா டிரான்ஸ்ஃபார்மர் காந்தப்புலமோ, டிவி கேபிள் வழியா வர்ற கிரவுண்ட் லூப்போன்னு தேடணும். 100ம் அதோட மடங்கும்னா பிரிட்ஜ்ல இருந்து கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகற கரண்ட். செகண்டுக்கு 100 தடவை, குத்துக் குத்தா, ரெண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவுல அந்த ஒயர் வழியாத்தான் ஓடுது. அரை ஸ்கொயர் எம்எம் ஒயர் 10 சென்டிமீட்டருக்கு 3.4 மில்லி ஓம் வரும். பாட்டே இல்லாதபோது ஒரு ஆம்பியர் குத்துன்னு வச்சாலும் ஒயரோட ரெண்டு முனைக்கும் நடுவுல 3.4 மில்லிவோல்ட். உங்க டிகோடர் ஒரு முனையை பூஜ்யம்னு நினைக்குது, பவர் போர்டு மறு முனையை பூஜ்யம்னு நினைக்குது. நடுவுல இருக்கிற 3.4 மில்லிவோல்ட்டைப் பவர் போர்டு முப்பது மடங்கு பெருக்கினா 100 மில்லிவோல்ட் ஸ்பீக்கருக்குப் போகும். ராத்திரி அமைதியில அது நல்லாவே கேக்கும். முன் சேனல்ல கிரவுண்ட் எல்லாம் ஒரே முனையில இருக்கறதால அங்க இல்லை.

செய்ய வேண்டியது: அந்த ஒயரை எடுத்துட்டு, ரெண்டு கெப்பாசிட்டரையும் கால் ஒட்டக் கிட்ட வச்சு, தடிச்ச கம்பியால பத்த வைங்க. அதோட நடுவுல இருந்து ஒரே ஒரு தடிச்ச ஒயர் ரெண்டு இஞ்ச் தள்ளி ஒரு போல்ட்டுக்கு. எல்லா கிரவுண்டும், ஸ்பீக்கர் மைனஸும் சேர்த்து, அந்த ஒரே போல்ட்டுக்குத் தனித்தனி ஒயரா வரணும். ஒண்ணோட வாலை இன்னொண்ணு பிடிக்கக் கூடாது.

மாத்தினதும் நேரா ப்ளக்கைச் சொருகிறாதீங்க. 100 வாட் குண்டு பல்பை மெயின் லைன்ல சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க. ஒரு நொடி எரிஞ்சு மங்கினா சரி. மங்காம எரிஞ்சா உள்ள ஷார்ட், உடனே ஆஃப். என்ன ஆனாலும் மூணு முள் ப்ளக்கோட எர்த் முள்ளை மட்டும் யாரும் வெட்டாதீங்க. ஹம்மிங் போகுதுன்னு அப்படிச் செய்யச் சொல்றவங்களை நான் பார்த்திருக்கேன். அதனால கை உதறி விழுந்தவனையும் பார்த்திருக்கேன்.

சைக்கிள் டைனமோ (ரொறன்ரோ)

வணக்கம் ரீச்சர். நான் யாழ்ப்பாணத்தில வளர்ந்தவன். 90களில எங்கட ஊரில கரண்ட் இல்லை, பற்றறியும் வராது. சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள். நாலு டயோடும் ஒரு கெப்பாசிட்டரும் வச்சு ஏசியை டிசி ஆக்கிறதுதான் நான் முதல் முதல் செய்த சர்க்கிற். கை களைச்சால் கசெற்றில பாட்டும் இழுபடும். அண்ணன் சுத்த நான் கேட்பன், பிறகு நான் சுத்த அவர் கேட்பார்.

அந்தக் கசெற் பழக்கத்தால ஒண்டு சொல்லலாம் எண்டு நினைக்கிறன். அப்பான்ர கசெற்றில பின்னால வாற "ஸ்ஸ்ஸ்" முழுக்கவும் டேப் இரைச்சலாய் இருக்காது. டேப்பை வாசிக்கிற ஹெட் கொஞ்சம் சரிஞ்சிருந்தால் ஒரு ட்ராக் மற்றதை விட ஒரு துளி முந்தி வாசிக்கும். கீழ்ச் சத்தம் கழிபடும், மேல்ச் சத்தம் கழிபடாது. அப்ப "ஸ" எல்லாம் பின்னால கசியும்.

ஹெட்டுக்குப் பக்கத்தில ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகாணி ஒண்டு இருக்கும். மோனோப் பாட்டுக் கசெற்றைப் போட்டிட்டு, பின் ஸ்பீக்கரை மட்டும் கேட்டுக்கொண்டு, அதைக் கால் சுற்றுக்குள்ள மெல்லத் திருப்பிப் பாருங்கோ. எங்க ஆகக் குறைவாய் கேக்குதோ அங்கதான் ஹெட் நேராய் நிக்குது. இப்பிடிச் செய்ய மற்ற ஆக்கள் டெஸ்ட் டேப்பும் ஸ்கோப்பும் தேடுவினம். உங்களிட்ட அதை விட நல்ல கருவி இருக்கு, நீங்கள் கட்டின அந்தக் கழிக்கிற போர்ட். திருப்ப முந்தி, இருந்த இடத்தை மார்க்கரால அடையாளம் வச்சுக்கொள்ளுங்கோ.

மோனோப் பாட்டுக்குப் பின்னால சத்தம் வேணும் எண்டு அப்பா கேட்டால் ஒரு சுவிச் போட்டு, லெஃப்டையும் ரைட்டையும் கூட்டி, மெல்லிசாய்க் குடுக்கலாம். நான் எண்டால் குடுக்க மாட்டன். அந்தப் பாட்டெல்லாம் ஒரே இடத்தில இருந்து வாறதுக்கெண்டு செய்தது.

சீரிஸ் லாம்ப் (கோவை)

ஐயா சொன்ன ஹெட் யோசனை எனக்கே புதுசுங்க. இத்தனை வருசம் காதை வச்சே திருகிட்டு இருந்தேன். சுவிச் விசயத்துல மட்டும் நான் கட்சி மாறுவேன். கேக்கறது டீச்சரம்மாவோட அப்பா. அவருக்குப் பின்னால சத்தம் வேணும்னா போட்டுக் குடுத்துடணும்.

பானை ஸ்பீக்கர் (ராஜபாளையம்)

நேற்று ஞாயிறு. காலையில் கிரவுண்ட் முழுக்கப் பிரித்து, ஒற்றைப் போல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் பழைய பித்தளை போல்ட்தான். சீரிஸ் பல்பு எரிந்து மங்கியது. ஒரு பானையை மடியில் வைத்துக் காதை ஒட்டிக் கேட்டேன், "ர்ர்ர்" இல்லை. சீரிஸ் லாம்ப் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் கேசட். டெக்கின் மூடியைக் கழற்றி, திருகாணி இருந்த நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, முன் ஸ்பீக்கர் இரண்டையும் ஆஃப் செய்தேன். பானையை மட்டும் ஓடவிட்டேன். "ஸ" "ச" "ட" மட்டும் உதிர்ந்து உதிர்ந்து வந்தது. பாட்டின் எலும்பு மட்டும் கேட்பது மாதிரி. நான் திருப்பப் போனபோது அப்பா கையை நீட்டினார். ஸ்க்ரூட்ரைவரைக் கொடுத்தேன்.

அவருக்குக் கை நடுங்கும். டம்ளர் பிடித்தால் நடுங்கும். திருகாணியில் முனை உட்கார்ந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, அரிசி அளவு இடமாகத் திருப்பினார். கசிவு கூடியது. மறுபக்கம் திருப்பினார். குறைந்தது, குறைந்தது, "ட" கூடக் காணாமல் போனது, டேப் இரைச்சல் மட்டும் மழைத் தூறல் மாதிரி நின்றது. இன்னும் ஒரு துளி திருப்பினார், திரும்பவும் எட்டிப் பார்த்தது. அதே துளியைப் பின்னால் எடுத்துவிட்டுக் கையை எடுத்தார்.

"இப்ப முன்னாடி போடு" என்றார்.

முன் ஸ்பீக்கரை ஆன் செய்தேன். அதே கேசட்டில் மூடாக்குப் போட்டது மாதிரி இருந்த குரல் தெளிந்து, பல்லில் நாக்கு படுவது வரை கேட்டது. இரண்டு பக்கமும் முடிய அப்படியே உட்கார்ந்திருந்தார். சுவிச் போடட்டுமா, பின்னாலும் வரும்படி செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. பின்னாடி சும்மா இருக்கட்டும். அது சும்மா இருந்தாத்தான் முன்னாடி சரியா இருக்குன்னு அர்த்தம்."

அடுத்த கேசட்டை எடுத்து வைத்தார். பெட்டியில் இன்னும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.